மூன்றாவது கேலரியின் பீம்

விசாகப்பட்டினம்
9.6.1999

மாயாவுக்கு,

ஜெய்பீம். நல்லபடியாக வந்து சேர்ந்தேன். துறைமுகத்துக்கு வெளியே ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள். கூட இரண்டு தெலுங்குப் பையன்கள். எண்ணூரில் விழுகிற மாதிரியே நிலக்கரித் தூசு இங்கேயும் விழுகிறது. வெள்ளைச் சட்டைகளை எடுத்து வராதது நல்லதாகப் போயிற்று. நம் டிராயிங் ஆபீசில் வரைந்த கன்வேயர் கேலரிகள், அந்த நிலக்கரி பெல்ட் ஓடுகிற இரும்புப் பாலங்கள், இன்னும் எண்ணூர் யார்டிலிருந்து லாரியில் வந்து சேரவில்லை. வந்ததும் அவற்றைத் தூண் மேல் ஏற்றிப் பூட்டுவதைப் பார்த்துக்கொள்வதுதான் எனக்கு ஆறு மாத வேலை.

அதுவரை கண்ணாடி ரூமில் என் நாற்காலியில் உன்னை உட்கார வைக்கிறேன் என்று முதலாளி சிவந்தி சார் சொன்னபோது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நீ மாடியில் பிளானிங்கில் இருந்தவள். அங்கே எல்லாரும் அக்கா தங்கச்சி. கீழே கம்ப்யூட்டர் ரூம் அப்படி இல்லை. ஆட்களைச் சொல்கிறேன். தேசப்பன் பலகையில் பென்சில் பிடித்து வரைந்த காலத்து ஆள். ஆட்டோகேடில் இன்னும் வேகம் வரவில்லை, கேட்டால் மணிக்கட்டு வலி என்பார். வால்டர் நன்றாக வரைவான், வாய்தான் ஆகாது. மகிமா புதுசு, டோல்கேட்டில் அப்பாவுக்கு மொத்த வியாபாரம், வேலை போனாலும் கவலைப்படாத வீட்டுப் பெண். அவளுக்குக் கண்டிப்பு கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

கதவுப் பக்கம் இருக்கிற போர்டை எடுத்துவிடாதே. தப்பு வந்த டிராயிங்கில் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு, வரைந்தவர் பெயரைப் பெரிதாக எழுதி, ஒரு வாரம் அதில் தொங்கவிடு. தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள், டீ கொண்டுவருகிற கெங்கம்மா, எல்லாரும் பார்க்கட்டும். நான் வந்த பிறகு தப்பு பாதியாகக் குறைந்தது அதனால்தான். பயம் இருக்கிற ரூமில்தான் கோடு நேராக விழும். இதையெல்லாம் வீட்டில் நீ சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறாய். இப்போது செய்து பார்.

அம்மாவின் கால் வீக்கத்துக்கு மாத்திரை தவறாமல் கொடு.

பீம்ராவ்


வியாசர்பாடி
27.6.1999

அன்புள்ள உங்களுக்கு,

அத்தைக்கு வீக்கம் வடிந்துவிட்டது. "அவன் அங்க சோறு துன்றானா இல்லியா, அத்த மொதல்ல கேட்டு எழுது" என்கிறார். கேட்டுவிட்டேன். எழுதுங்கள்.

உங்கள் ரூம் கடிகாரம் மாதிரி ஓடுகிறது. சிவந்தி சாருக்குத் திருப்தி. போர்டு காலியாக இருக்கிறது. எனக்குத்தான் மூச்சு முட்டுகிறது. வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே பேச்சுக் குரல் கேட்கும். கதவைத் திறந்தால் நின்றுவிடும். "இந்த ஷீட் வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா?" என்றால் "சரி மேடம்." "முடியாது என்றால் சொல்லுங்கள்" என்றாலும் "சரி மேடம்."

நேற்று மகிமாவின் பின்னால் நடந்து போனேன். காலையில் பார்த்த அதே படம் திரையில் இருந்தது. ஒரு கோடு கூட ஏறவில்லை. என்னவென்று கேட்டேன். ஒரு கமாண்ட் வேலை செய்யவில்லையாம், காலையிலிருந்து தானே போராடிக்கொண்டிருக்கிறாள். பக்கத்து நாற்காலியில் வால்டர். கையை நீட்டினால் தொடலாம்.

"கேட்டிருக்கலாமே மகிமா?"

"பரவால்ல மேடம்."

அவன் எட்டிப் பார்த்து ஒரு நிமிடத்தில் சரிசெய்து கொடுத்தான். இரண்டு பேரும் என் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்கள். உதவி செய்வது குற்றமா என்று எனக்குப் புரியவில்லை.

இதைக் குறையாக எழுதவில்லை. பழகிவிடும் என்று நினைக்கிறேன்.

மாயா


விசாகப்பட்டினம்
20.7.1999

மாயா,

மூன்றாவது கேலரி வந்தது. பூட்டவில்லை.

தூணில் பற்றவைத்த பிராக்கெட்டின் துளையும் பீமின் துளையும் நேராக வந்தால்தான் போல்ட் இறங்கும். இங்கே மூன்று விரல் தள்ளி நிற்கிறது. கிரேன் பீமைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, மேலே கலாசித் தொழிலாளிகள் கடப்பாரையை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள், கீழே சைட் மேனேஜர் அத்தனை பேர் எதிரில் என்னைப் பார்த்து "யார் வரைந்தது இது?" என்று கத்துகிறார். ஆந்திராக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். இந்த வயதில் எனக்கு அது தேவையா?

பிராக்கெட் வால்டர் வரைந்தது. "மெட்ராஸில் ஒரு பையன், கவனக் குறைவு, நடவடிக்கை எடுக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறேன். நீ வால்டரின் ஷீட்டை எடுத்து போர்டில் போடு. எல்லாரையும் நிற்க வைத்துக் கேள். நீ மெதுவாகக் கேட்டால் அவன் ஏதாவது கதை சொல்வான். சொல்ல விடாதே.

இங்கே தூண் மேலேயே பிராக்கெட்டை அறுத்து மாற்றச் சொல்லியிருக்கிறேன். நாள் பிடிக்கும்.

பீம்ராவ்


வியாசர்பாடி
29.7.1999

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் சொன்னபடி செய்துவிட்டேன்.

சிவந்தி சாரும் அன்று கீழே இறங்கி வந்திருந்தார். "யாருன்னு கண்டுபிடிச்சியாம்மா, இல்ல நான் பாக்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டு கதவருகே நின்றார். வால்டரின் ஷீட்டில் வட்டம் போட்டு, பெயர் எழுதி, மாட்டினேன். எல்லாரையும் எழுந்து நிற்கச் சொன்னேன். "உன்னால கம்பெனி மானம் போச்சு. வரையத் தெரியலைன்னா வேற வேலை பாரு" என்றேன். இந்தச் சொற்கள் எனக்கு எங்கிருந்து வந்தன என்று தெரியவில்லை. உங்களிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

அவன் "மேடம், அந்த பீமு இன்னான்னா..." என்று ஆரம்பித்தான்.

"பேசாதே" என்றேன்.

நிறுத்திவிட்டான். கம்ப்யூட்டரை ஒழுங்காக அணைத்தான். வெளியே போய் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். மூன்று நாளாக வரவில்லை.

சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். என் குரல் அந்த ரூமில் அவ்வளவு பெரிதாகக் கேட்டபோது எனக்கு அது பிடித்திருந்தது. அன்று மாலை வரை வேலை மளமளவென்று நடந்தது. சிவந்தி சார் "பீம்ராவ் தேவலன்னு நெனச்சேன், நீ அவனுக்கு மேல இருக்கியே" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். பீமைப் பற்றி என்ன சொல்ல வந்தான்?

மாயா


விசாகப்பட்டினம்
4.8.1999

மாயாவுக்கு,

சரியாகச் செய்தாய். முதல் தடவை எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். போனவன் போகட்டும். அவன் வீட்டுக்கெல்லாம் போய் நிற்காதே. பிறகு ஒருத்தரும் உன்னை மதிக்கமாட்டார்கள். அவனை நீக்கும்படி சிவந்தி சாருக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. பீம், பிராக்கெட் என்று நீ போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சாப்பாடு பரவாயில்லை. காரம்தான் அதிகம்.

பீம்ராவ்


வியாசர்பாடி
18.8.1999

உங்களுக்கு,

போகாதே என்று எழுதினீர்கள். போனேன்.

ஞாயிற்றுக்கிழமை, சுதந்திர தினம். ராயபுரம் கல்மண்டபத்தில் இறங்கி, மாதா கோயிலுக்குப் பின்னால் விசாரித்துக்கொண்டு போனேன். வால்டரின் அம்மா அடைக்கலமேரி வாசலில் கருவாட்டைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். ஆபீசிலிருந்து வருகிறேன் என்றதும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். "உள்ள வாம்மா. வூடு கலீஜா கீது, பாத்து ஒக்காரு." உட்காருவதற்குள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "புள்ள எதுனா தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சுக்கம்மா. அப்பன் இல்லாத புள்ள. வாயி கொஞ்சம் நீளம். வேலைய மட்டும் எடுத்துறாதம்மா."

மன்னிப்புக் கேட்கப் போனவள் நான். அந்த அம்மாள் என்னிடம் கேட்கிறார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

உள்ளிருந்து வால்டர் வந்தான். "நீ இன்னாத்துக்கும்மா மன்னிப்பு கேக்கற? நவுரு" என்றான். பிறகு என்னிடம்: "மேடம், பிராக்கெட்டு கரீட்டு. பீமுதான் தப்பு. பீம் யார் வரஞ்சதுன்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை என்றேன்.

"சாரு ஊருக்குப் போறதுக்கு மொத நாளு, சனிக்கெழம, பேக்ஸ் வந்துச்சு. நாலாவது கேலரி பீமுல ஹோல மாத்துன்னு. சாரு அவசரத்துல மூணாவதுல மாத்திட்டாரு. மாத்துனவரு, மாத்துனதுக்கு அடையாளமா ஷீட்டுல ரிவிஷன் நம்பரும் ஏத்தல. நான் பாத்துட்டேன். போயி சொன்னேன் மேடம். 'சார், மூணாவது பீமுல ஹோலு மாறிகீது போல சார்'ன்னேன். இன்னா சொன்னாரு தெரியுமா? 'ஒன் ஷீட்ட நீ பாரு. என் ஷீட்ட பாக்க ஒனக்கு இன்னும் பத்து வருசம் கீது'ன்னாரு. ரூம் பூரா கேட்டுகினுதான் இருந்துச்சு."

"சிவந்தி சாரிடம் சொல்லியிருக்கலாமே வால்டர்?"

"சொல்லிட்டு? திங்கக்கெழம போர்டுல யாரு தொங்கறது?"

திங்கட்கிழமை அந்தக் கோப்பை நானே திறந்து பார்த்தேன். கடைசியாக மாற்றிய தேதி அந்தச் சனிக்கிழமைதான். கம்ப்யூட்டர் உங்களுடையதுதான். தேசப்பனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "அல்லாருக்கும் தெரியும் மேடம்" என்றார் தலையைக் குனிந்தபடியே. "அப்படியானால் நான் வால்டரை நிற்க வைத்துத் திட்டியபோது ஏன் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை?" என்றேன். அவர் தன் நாற்காலிக்கே திரும்பிப் போனார். அடுத்து மகிமாவைக் கூப்பிட்டுக் கேட்டபோதுதான் அவள் சொன்னாள்: "நீங்க அவரு வீட்டுக்காரம்மா. உங்ககிட்ட எப்படி மேடம் சொல்லுவோம்?"

மூன்று பேருக்கும் தெரிந்த தப்பு, எண்ணூரில் இரும்பாகி, லாரி ஏறி, உங்கள் தலைக்கு மேல் கிரேனில் தொங்கும்வரை ஒருவரும் பேசவில்லை. கோடு நேராகத்தான் விழுந்திருக்கிறது.

வால்டர் ஆர்பரில் டேலி கிளார்க் வேலைக்குப் பேசி வைத்திருக்கிறான். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டையை எண்ணி எழுதும் வேலை. நீங்கள் அன்று அவனிடம் அப்படிச் சொன்னீர்களா? எனக்குத் தெரிய வேண்டும்.

மாயா


விசாகப்பட்டினம்
24.8.1999

நான் வேண்டாம் என்ற இடத்துக்குப் போய், நான் இல்லாதபோது என் ஆட்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்து, என் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்து... நீ எனக்குப் பெண்டாட்டியா, அவனுக்கு வக்கீலா?

ஊருக்குக் கிளம்புகிற அவசரத்தில் யார் யாரிடம் என்ன சொன்னேன் என்று எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?

சரி. பீமில் தப்பு இருக்கிறது என்றே வைத்துக்கொள். அது வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? புளியந்தோப்பிலிருந்து வந்து அந்தக் கண்ணாடி ரூமில் உட்கார்ந்தவன் நான் ஒருத்தன்தான். அம்பத்தூரில் படம் நகலெடுக்கிற டிரேசராகச் சேர்ந்த முதல் வாரத்தில் மையைக் கொட்டிவிட்டேன். அங்கே ஒரு ஐயா சிரித்துக்கொண்டே, "இவங்களை விட்டா இப்படித்தான்" என்றார். 'இவங்களை.' மற்றவன் கோடு தப்பினால் அது வெறும் கோடு. நான் தப்பினால் அது சாதி. அதனால்தான் என் ரூமில் ஒரு தப்பும் வரக்கூடாது என்று கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு வேலை வாங்கினேன். உனக்கு இது தெரியாதா? தெரியும்.

வால்டருக்கு வயது இருக்கிறது. எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வான். எனக்கு இந்தப் பேர் ஒன்றுதான்.

சிவந்தி சாரிடம் சொல்லாதே. கேட்டுக்கொள்கிறேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து உன்னிடம் இப்படி எதையும் கேட்டதில்லை.

பீம்ராவ்


வியாசர்பாடி
12.9.1999

அன்புள்ள உங்களுக்கு,

சொல்லவில்லை. கவலைப்பட வேண்டாம்.

சிவந்தி சார் இரண்டு தடவை கேட்டுவிட்டார். "வால்டரை நீக்குத தாளு என்னாச்சும்மா?" என்றார். "இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன் சார்" என்றேன். எனக்கு எல்லாம் தெரிந்திருந்தும் அப்படிச் சொன்னேன். தேசப்பனையும் மகிமாவையும் 'ஏன் வாயைத் திறக்கவில்லை' என்று கேட்டவள் நான்தானே. இப்போது நானும் அவர்களோடு சேர்ந்துவிட்டேன்.

நீங்கள் எழுதியதில் பொய் இல்லை. 'இவங்களை' என்ற சொல்லை நானும் கேட்டு வளர்ந்தவள்தான். ஆனால் ஒன்று ஞாபகம் வந்தது. போன வருடம் ஒரு நாள் சாப்பிடும்போது வால்டரைப் பற்றி, "மீன்காரி புள்ளைக்கு மவுஸைக் குடுத்தா வலைய வீசற மாதிரிதான் புடிப்பான்" என்றீர்கள். நான் சிரித்தேன். அத்தையும் சிரித்தார். அந்தம்மாள் என் கையைப் பிடித்தபோது இந்தச் சிரிப்புதான் எனக்குக் கேட்டது.

போர்டைக் கழற்றிவிட்டேன். உங்களிடம் கேட்கவில்லை, மன்னியுங்கள். கழற்றும் முன் தேசப்பனையும் மகிமாவையும் உட்கார வைத்து, "வால்டரை நான் விசாரிக்காமல் திட்டினேன். பேச வந்தவனைப் பேச விடவில்லை. அது என் தப்பு" என்றேன். உங்கள் தப்பைச் சொல்லவில்லை. என்னுடையதை மட்டும் சொன்னேன். தேசப்பன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். என்னை நம்புவதா வேண்டாமா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்கே தெரியவில்லையே.

இரண்டு நாள் கழித்து மகிமா வந்து நின்றாள். முகமெல்லாம் வேர்வை. "மேடம், நேத்து யார்டுக்கு அனுப்புன ஷீட்டுல ஒரு அளவ விட்டுட்டேன்." எண்ணூருக்கு போன் போட்டேன். தகடு இன்னும் வெட்டவில்லை. நிறுத்தச் சொல்லிவிட்டு, "சொன்னியே, நல்ல வேளை" என்றேன். அவள் ரெஸ்ட்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள் என்று கெங்கம்மா சொன்னார்.

அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். எவர் வரைந்தாலும் இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஷீட் வெளியே போகும். வெளியே போன ஷீட்டில் யாரும் தனியாகக் கை வைக்கக் கூடாது. நானும்தான். காலையில் டீ வரும்போது எது எது மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதல் நாள் நான் மட்டும்தான் சொன்னேன். மூன்றாம் நாள் தேசப்பன், "மேடம், எனக்கு மணிக்கட்டு வலி இல்ல. இந்த ஷார்ட்கட்டு எதுவும் எனக்கு யாரும் சொல்லித் தரல. கேட்டா போர்டுல மாட்டுவாரோன்னு கம்முனு இருந்துட்டேன்" என்றார். இப்போது மத்தியானம் அரை மணி மகிமா அவர் பக்கத்தில் உட்காருகிறாள்.

வால்டரை நீக்கும் தாளில் நான் கையெழுத்துப் போடமாட்டேன். உங்களைப் பற்றி சிவந்தி சாரிடமும் சொல்லமாட்டேன். அது உங்கள் வாயால் வரவேண்டும். எவ்வளவு நாள் இப்படி இரண்டுக்கும் நடுவில் நிற்பேன் என்று எனக்குத் தெரியாது.

மாயா


விசாகப்பட்டினம்
30.9.1999

அன்புள்ள மாயா,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் உன் மேல் கோபம் வந்தது. இப்போது எழுதுகிறேன்.

பிராக்கெட்தான் தப்பு என்று நான் சொன்னதை நம்பி, இங்கே இரண்டு மாதமாகக் கலாசிகள் தூண் உச்சியில் தொங்கிக்கொண்டு பிராக்கெட்டை அறுத்து மாற்றிக்கொண்டிருந்தார்கள். பீமில் தப்பு என்று சொல்லியிருந்தால் பீமைத் தரையில் போட்டு வேறு துளை போட்டிருக்கலாம். யாரும் மேலே ஏறியிருக்க வேண்டியதில்லை. திங்கட்கிழமை அறுத்த துண்டு நழுவி அப்பாராவ் என்கிறவன் கையில் விழுந்தது. இரண்டு விரல் போய்விட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போட்ட கையை மார்பில் வைத்துக்கொண்டு படுத்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழ முயன்றான். தெலுங்கில் ஏதோ திரும்பத் திரும்பச் சொன்னான். கூட வந்த பையன் எனக்குச் சொன்னான்: தப்பு தன்னுடையதாம். பிடியைச் சரியாகப் பிடிக்கவில்லையாம். ரிப்போர்ட்டில் தன் பேரை எழுதிவிட வேண்டாமாம், வேலை போய்விடுமாம்.

அவன் அதைச் சொல்லிக்கொண்டிருந்தான், நான் நின்றுகொண்டிருந்தேன் மாயா. வெளியே வந்து மரத்தடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நீ கேட்டாய், அன்று வால்டரிடம் அப்படிச் சொன்னீர்களா என்று. சொன்னேன். ஞாபகம் இல்லை என்று நான் எழுதியது பொய். அதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. பீம் கிரேனில் தொங்கிய அந்த நிமிடமே எனக்கு அந்தச் சனிக்கிழமை ஞாபகம் வந்துவிட்டது. வால்டர் வந்து நின்றது, அவன் கையில் பேக்ஸ் தாள் இருந்தது, எல்லாம். 'யார் வரைந்தது' என்று சைட் மேனேஜர் கேட்டபோது எனக்குத் தெரியும். தெரிந்துதான் வால்டர் பேரைச் சொன்னேன். தெரிந்துதான் அவனைப் பேச விடாதே என்று உனக்கு எழுதினேன். சாதியைக் காரணம் சொன்னேனே, அதுவும் உண்மைதான். ஆனால் அதை எடுத்து இந்த அசிங்கத்தின் மேல் போர்த்தினேன். அம்பத்தூர்க்காரன் செய்ததை விட இது மோசம். அவனுக்கு நான் யாரோ. வால்டர் என் ஆள்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் சைட் ஆபீசுக்குப் போனேன். மேனேஜரிடம் சொன்னேன். அன்றைக்குக் கத்தியவர் இன்றைக்குக் கத்தவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். அதைவிடக் கத்தியிருக்கலாம். அப்பாராவ் மேல் தப்பில்லை என்று ரிப்போர்ட்டில் என் கையாலேயே எழுதி, என் பேரைப் போட்டேன். மூன்றாவதிலும் நாலாவதிலும் மீதி பீம்களை இறக்கித் தரையில் துளை போடச் சொல்லிவிட்டார்கள்.

சிவந்தி சாருக்குத் தனியாக எழுதிவிட்டேன். வால்டருக்கு எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். 'டேய் வால்டர்' என்று ஆரம்பித்துக் கிழித்தேன். 'அன்புள்ள' என்று எழுத என்ன தகுதி இருக்கிறது என்று தோன்றியது. கடைசியில் 'வால்டர் அவர்களுக்கு' என்று எழுதியிருக்கிறேன். நீ படித்துப் பார்த்து, கொடுக்கலாம் என்றால் கொடு.

அம்மாவிடம் நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். வந்து நானே சொல்கிறேன்.

பீம்ராவ்


வியாசர்பாடி
15.10.1999

அன்புள்ள பீம்ராவ்,

நேற்று விகாரைக்குப் போய்விட்டு வந்து எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. இன்று எழுதுகிறேன். இதை மனைவியாக எழுதவும் கூச்சமாக இருக்கிறது, ஆபீசாக எழுதவும் கூச்சமாக இருக்கிறது.

உங்கள் கடிதத்தைச் சிவந்தி சார் என் முன்னாலேயே இரண்டு தடவை படித்தார். "தப்பா வரஞ்சதுக்கு ஒண்ணுமில்லம்மா. நானும் வியாபாரத்துல எவ்வளவோ தப்பு பண்ணிருக்கேன். அடுத்தவன் தலையில தூக்கிப் போட்டான் பாரு, அதத்தான் என்னால தாங்க முடியல" என்றார். பிறகு, "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். ஆகஸ்டிலிருந்து தெரியும் என்றேன். என்னையும் ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நியாயமாகவே பட்டது.

மறுநாள் கீழே வந்து அவர்கள் இரண்டு பேரிடமும், "பீம்ராவ் டிசம்பர்ல திரும்பி வரணும். நீங்க சொல்லுங்க, வரலாமா?" என்று கேட்டார். அது சரியில்லை என்று நினைத்தேன். நான் அங்கே நிற்கும்போது அவர்கள் எப்படிச் சொல்வார்கள்? வெளியே போய்விட்டேன். வாசலில் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு தேசப்பன் வெளியே வந்து அவராகவே என்னிடம் சொன்னார்: "மேடம், மறைக்க மாட்டேன். சாரு வரட்டும். அவரு மாதிரி இரும்பு தெரிஞ்சவன் மெட்ராஸ்ல இல்ல. ஆனா டேபிள்ள வரட்டும். அந்தக் கண்ணாடி ரூமுக்குள்ள வேணாம்." சொல்லிவிட்டு, "பேஜாரா நெனச்சுக்காதீங்க" என்றார்.

ரூமில் என்னையே நிரந்தரமாக இருக்கச் சொல்கிறார் சிவந்தி சார். சரி என்று சொல்லிவிட்டேன். உங்களிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீங்கள் என் கீழே வேலை செய்ய வேண்டியிருக்கும். வேண்டாம் என்றால் வேறு இடம் பாருங்கள். அம்பத்தூரில் யாரும் உங்களை வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. எது என்றாலும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

வால்டரை ஆர்பர் கேட் பக்கம் பார்த்துக் கடிதத்தைக் கொடுத்தேன். வெயிலில் நின்றபடியே படித்தான். "சாரு கைப்பட எழுதிகீறாரா?" என்றான். மறுபடி படித்தான். மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். திரும்பி வருகிறாயா என்று கேட்டேன்.

"இல்ல மேடம். அந்த ரூமாண்ட செருப்ப கழட்டி வெச்சாலே காலு உள்ள போவ மாட்டேங்குது. இங்க எவனும் நம்மள நிக்க வெச்சு கேக்கறதில்ல. அப்பால பாக்கலாம். ஆனா என் பேர மட்டும் கிளீன் பண்ணி எழுதிக் குடுங்க. எங்கம்மா கோயில் ஃபாதர்கிட்ட காட்டணும்னுகினு கீது."

கம்பெனி தாளில், அவன் டிராயிங்கில் எந்தத் தப்பும் இல்லை என்று எழுதிக் கொடுத்தாயிற்று. சிவந்தி சார் கையெழுத்துப் போட்டார். கீழே நானும் போட்டேன். உங்களை மன்னித்தானா என்று அவனிடம் கேட்கவில்லை. கேட்பது முறையில்லை.

மாயா


விசாகப்பட்டினம்
22.10.1999

அன்புள்ள மாயா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் அம்பத்தூருக்குத்தான் எழுதலாம் என்று நினைத்தேன். தாளைக்கூட எடுத்துவிட்டேன். அங்கே இந்த விஷயம் யாருக்கும் தெரியாது, தலையை நிமிர்த்திக்கொண்டு போகலாம். அது ஓடுவது என்று புரிய இரண்டு நாள் ஆயிற்று.

டேபிளுக்கே வருகிறேன். இங்கே வேலையை இன்னொருவரிடம் ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள். நவம்பர் முதல் வாரம் ஹவுரா மெயிலில் கிளம்புகிறேன். அப்பாராவைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். அவனுக்கு ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுக்கச் சம்மதித்திருக்கிறார்கள். அவன் என்னிடம் இன்னும் மரியாதையாகத்தான் பேசுகிறான். அதுதான் தாங்க முடியவில்லை.

ராயபுரத்தில் வால்டர் வீட்டுக்கு நான் தனியாகப் போகிறேன். நீ கூட வர வேண்டாம். அந்தம்மாள் கதவைச் சாத்தினாலும் சாத்தட்டும்.

ஒன்று கேட்கிறேன். வால்டர் நாற்காலியை எனக்குக் கொடுக்காதே. அவன் வந்தாலும் வராவிட்டாலும் அதில் நான் உட்காரக் கூடாது. படம் அச்சாகிற பிளாட்டர் பக்கத்தில், எல்லாரும் போகிற வருகிற வழியில் ஒரு இடம் போதும். முதல் நாள் அந்தக் கதவைத் திறந்து என்ன சொல்லிக்கொண்டு உள்ளே வருவேன் என்று தினமும் யோசிக்கிறேன். அவர்களிடம் இத்தனை வருடம் 'ஏன்' என்று மட்டும்தான் கேட்டிருக்கிறேன். வேறு எதுவும் பேசத் தெரியவில்லை.

நான் வரைகிற முதல் ஷீட்டை மகிமா சரிபார்க்கட்டும். தப்பு இருந்தால் என் டேபிளுக்கு வந்து, என்னிடமே சொல்லச் சொல். பயப்படுவாள். அப்போது நீ பக்கத்தில் நிற்காதே.

பீம்ராவ்